யார் கொடுத்த தண்ணீர்

நெற்றியில் முத்தம் கொடுக்க ஜோயல் குனிந்தபோது, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை அப்பாவின் முகத்தில் போய் விழுந்தது. அதில் கொட்டை எழுத்தில் ‘ஒருங்கிணைப்பாளர்’. தங்கை அன்பரசி அதை அவன் தலைவழியாகக் கழற்றி எடுத்தாள்.

காலையில் அப்பா ராஜேந்திரனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது மகன் மாமல்லபுரத்து ரிசார்ட்டில் இருந்தான். இரண்டு நாடுகள் என்னுது என்னுது என்று அடித்துக்கொள்ளும் கடலில் உயிரினங்களைக் காப்பாற்றுவதற்கான கூட்டம். கடலைப் பார்த்த ஹால்தான். ஏசி வீணாகிறதென்று திரையை இழுத்து மூடியிருந்தார்கள். வலையில் சிக்கி ஆமைகள் செத்து ஒதுங்குவதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. யாருடைய வலை என்பதில்தான் தகராறு. அந்த ஒரு வரியை அறிக்கையிலிருந்து தூக்க வைத்தது ஜோயலின் சாமர்த்தியம். ஆமைகள் செத்தன என்பதோடு அறிக்கை நின்றது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கைதட்டி, வஞ்சிரம் வறுவல் சாப்பிடப் போனார்கள்.

அதற்கு முன்பே அன்பரசி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை எடுத்தான்.

“அண்ணா, அப்பா உன்னியே கேட்டுகினு கீறாரு. செங்கல்பட்டு இன்னா தூரமா? வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போ.”

“கையெழுத்து ஆவற நேரம் அன்பு. முடிச்சிட்டு வந்துட்றேன்.”

பிறகு போனைச் சத்தம் வராமல் வைத்துவிட்டான். வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல்காரர்கள் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்கால அடக்கத்துக்கு முன் பாஸ்டர் பேசினார். அவர் கையில் மைக் இருந்தால் பரலோகமே சற்றுக் காத்திருக்க வேண்டியதுதான்.

“உலக நாடுகள் கூடின சபையையே உதறிட்டு ஓடியாந்து, தகப்பனுக்குக் கடைசி வாய் தண்ணி குடுத்த மகன் இங்க நிக்கிறாரு.”

ஜோயல் அம்மா மேரி பக்கம் சாய்ந்தான். “இன்னாம்மா சொல்லி வச்சிகீற அவராண்ட?”

“நீதான் குடுத்தன்னு சொன்னேன்.” மேரியின் உதடு அசையவே இல்லை. “வேற இன்னா சொல்றது? புள்ள மீட்டிங்ல கீறான்னா?”

“அன்புதானம்மா குடுத்தா.”

“அவ ஒண்ணும் சொல்லமாட்டா. நீயும் வாய மூடிகினு நில்லு.”

அப்பாவின் கால்மாட்டில் அன்பரசி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

“ஜோயல் தம்பி, கடைசி நேரத்தப் பத்தி ரெண்டு வார்த்தை,” என்று பாஸ்டர் மைக்கை நீட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ‘நான் வரல, தங்கச்சிதான் குடுத்தா’, அவ்வளவுதான். ஜனம் அவனையே பார்த்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்பா நிம்மதியாப் போனாரு,” என்றான். “கடைசியா தண்ணி கேட்டாரு. குடிச்சாரு.”

யார் கொடுத்தது என்று வரவில்லை. பொய்யும் இல்லை. கூட்டங்களில் பேசிப் பழகிய வாய். பாஸ்டர் ஆமென் என்றார், பந்தல் முழுக்க ஆமென் என்றது. யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஜோயலுக்குக் காது மடல் சுட்டது.

உட்காரத் தங்கையின் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

“அன்பு...”

அவள் அவனைப் பார்க்கவில்லை.

“அவரு தண்ணி கேக்கலண்ணா,” என்றாள்.

அப்பாவின் வெள்ளைக் காலுறை ஒன்று குதிகாலுக்கு இறங்கியிருந்தது. அன்பரசி எழுந்து அதை மேலே இழுத்துவிட்டு, சுருக்கம் போகும்வரை நீவிக்கொண்டிருந்தாள்.