மேசைக்குக் கீழே கை போகக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லை தாண்டி வரும் கிரேக்கப் பேருந்துகள் இந்தப் பக்கத்து எல்லையோர ஊரான கெவ்கெலியாவில் கேசினோ வாசலில் வந்து நின்றால், உள்ளே மேசைகளில் சீட்டுப் போடும் வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வருகிறவன் சிரித்துக்கொண்டுதான் வருவான். எப்படித் திரும்பிப் போவான் என்பதுதான் தெரியாது.

நெவென்கா இருபத்தொன்று ஆடும் மேசையில் நின்றாள். முன்பு தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைத்தவள். ஆலையை மூடியதும் இங்கே வந்தாள். அங்கே முதுகு போனது, இங்கே கால் போகிறது. அதுகூடப் பரவாயில்லை. சட்டை அவளைத் திட்டியதில்லை.

இங்கே ஆட வந்தவன் தோற்றால் அவன் திட்டுவான். அவன் ஜெயித்தால் மேற்பார்வை பார்க்கும் தோமே முறைப்பான். சீட்டு தன் பாட்டுக்கு வருகிறது என்று இரண்டு பேருமே நம்ப மாட்டார்கள். சீட்டுப் போடுகிறவர்களின் உடுப்பில் பைகளைத் தைத்து மூடியிருப்பார்கள். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. கையைத் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் தலைக்கு மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் முகத்தைத் தொடலாம். மற்ற நேரமெல்லாம் கை மேசைக்கு மேலேயே இருக்க வேண்டும். கீழே போனால் திருட்டு என்று அர்த்தம். அது உடம்பில் எப்படி ஊறிவிட்டது என்றால், அப்பாவின் குழியில் மண் போட்டுவிட்டும் நெவென்கா கையைத் தட்டி விரித்துக் காட்டினாள். பாதிரியார் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வந்து மண் போட்ட கேசினோக்காரர்களும் அதையேதான் செய்தார்கள்.

அன்றைக்கு அவள் எதிரே உட்கார்ந்திருந்தவன் லெஃப்தெரிஸ். கிரேக்க நகரமான தெசலோனிக்கியில் குளியலறை ஓடு விற்கிறவன், வாராவாரம் வருகிறவன், கேசினோவுக்கு வேண்டப்பட்டவன். பக்கத்தில் சிகரெட்டும் கையுமாக ஒரு கிழவி, பெயர் கூலா. லெஃப்தெரிஸ் மதியத்திலிருந்தே தோற்றுக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு போடு," என்றான். போட்டாள். ராஜா விழுந்தது. கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டிவிட்டது, மறுபடியும் தோல்வி. டோக்கன்களை வாரிக்கொள்ள அவள் கையை நீட்டினாள்.

"உன் கை விளங்குமாடி? பொணத்துக்குச் சீட்டுப் போட்டவ மாதிரி போடுற!"

ஆடுகிறவன் சீட்டைத் தொடவே கூடாது. லெஃப்தெரிஸ் தன் முன்னால் கிடந்த மூன்று சீட்டையும் அள்ளி அவள் முகத்தில் எறிந்தான். ஒன்றின் விளிம்பு கண்ணுக்குக் கீழே கீறியது. இரண்டு அவள் காலடியில் விழுந்தன. மூன்றாவது மேசையில் பட்டுச் சறுக்கி அவன் பக்கமே கீழே போனது.

"எடு," என்றான் லெஃப்தெரிஸ். "குனிஞ்சு எடு."

நெவென்கா கையைத் தட்டினாள், விரித்துக் காட்டினாள், கன்னத்தைத் தொட்டாள். விரலில் ஒரு பொட்டு ரத்தம். திரும்பவும் தட்டினாள், காட்டினாள், மேசைமேல் வைத்தாள்.

"எடுக்க முடியாது சார்."

"என்னது?"

"எடுக்க முடியாதுன்னேன்."

"அட, ஆட்டத்த நடத்துங்கப்பா," என்றாள் கூலா. "எனக்குப் பஸ்ஸு போயிரும்."

தோமே வேகமாக வந்தான். லெஃப்தெரிஸைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவள் பக்கம் திரும்பும்போது அது காணாமல் போனது. தங்கள் மொழியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"எடுத்து வெச்சுட்டு ஒரு சாரி சொல்லு. முடிஞ்சு போச்சு."

"அவன்தான் எறிஞ்சான். கேமராவுல இருக்கும்."

"எனக்கும் தெரியும். சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து வீட்லயே இரு."

அவன் சும்மா மிரட்டவில்லை. ஊரில் இன்னும் சில கேசினோக்கள் இருக்கின்றன. ஆனால் அவள் அங்கே போய்ச் சேருவதற்குள் தோமேயின் போன் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்குப் போக வேண்டியதுதான். அந்தக் காலை வைத்துக்கொண்டு அதுவும் ஆகாது.

போன குளிர்காலத்தில் ஒருவன் அவள் மேல் காபியை ஊற்றினான். அப்போது சாரி சொன்னாள். காபிக் கறை ஒரே துவைப்பில் போய்விட்டது. அந்தச் சாரி போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தொண்டையில் வந்து நிற்கும்.

அவள் கிரேக்க மொழியில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "கை மேசைக்குக் கீழ போகக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, தோமே சார்? கீழ விழுந்த சீட்டை மேற்பார்வை பாக்குறவங்கதானே எடுக்கணும்? நான் குனிஞ்சா கேமராவுல திருடி மாதிரி தெரியும்."

தோமேயின் காது சிவந்தது. தூரத்தில் சும்மா நின்ற ஸ்லவ்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டான். மாற்று ஆள் வந்து தோளைத் தட்டினால்தான் நிற்கிறவள் மேசையை விட்டுப் போக முடியும். ஸ்லவ்கா வந்தாள், நெவென்காவின் பின்னால் நின்றாள். தட்டவில்லை.

"எத்தனை சீட்டு கொறையுதுக்கா?"

"மூணு."

"அப்ப நான் மேசைய வாங்க மாட்டேன் சார். கொறைய வாங்கினா நாளைக்கு அது என் தலையிலதானே விடியும்?"

"ஸ்லவ்கா, தட்டு."

"சீட்டு வரட்டும் சார், தட்டுறேன்."

தோமே அடுத்த மேசையைப் பார்த்தான். அங்கே சீட்டுப் போடும் ரிஸ்தோ, எதிரில் ஒரு ஆளும் இல்லாமலேயே, தன் சீட்டுகளை உலகத்திலேயே முக்கியமான காரியம் போல அடுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை.

வேறு வழியில்லை. தோமே கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பளத்தில் முட்டி போட்டான். நெவென்காவின் காலடியிலிருந்து இரண்டைப் பொறுக்கினான். அவள் காலை நகர்த்திக்கூடக் கொடுக்கவில்லை. பிறகு மேசையைச் சுற்றித் தவழ்ந்து அந்தப் பக்கம் போனான். மூன்றாவது சீட்டு லெஃப்தெரிஸின் பழுப்புச் செருப்புக்கு அடியில் இருந்தது.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்."

"அவ வந்து எடுக்கட்டும்."

"சார், தயவு செஞ்சு. மன்னிச்சுக்குங்க, காலை மட்டும்..."

நெவென்கா மேசைமேல் விரல்களை விரித்து வைத்தபடி நேராக லெஃப்தெரிஸின் முகத்தையே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே ரத்தம் காய்ந்து கோடாகியிருந்தது. அதைத் துடைக்க அவள் இன்னொரு தடவை கை தட்டவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"டேய், தூக்கேன்டா," என்றாள் கூலா, புகையை அவன் பக்கமாக ஊதி. "பாவம், அந்தாளு நாய்க்குட்டி மாதிரி கீழ கெடக்கான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். லெஃப்தெரிஸ் காலைத் தூக்கினான். தூக்கிய காலைத் திரும்ப வைக்கவில்லை. அப்படியே எழுந்து, மிச்ச டோக்கன்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

செருப்புத் தடம் பதிந்த ராஜா மேசைக்கு வந்த பிறகு ஸ்லவ்கா தோளைத் தட்டினாள். லேசாகத்தான். ஆனால் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நெவென்கா கை தட்டி, உள்ளங்கை, புறங்கை இரண்டையும் மேலே தூக்கிக் காட்டினாள். வழக்கத்தைவிட நிதானமாகக் காட்டினாள்.

சாப்பாட்டு அறையில் ரொட்டியும் சுட்ட மிளகாயும் தின்றுகொண்டிருந்தபோது தோமே வந்து நின்றான்.

"மேல எழுதி அனுப்பப் போறேன். நீ வாடிக்கையாளரை விரட்டிட்டேன்னு."

"அனுப்புங்க." அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. "எழுதினா மேல கேமராப் படத்தைக் கேப்பாங்க. அதுல நான் நின்னுக்கிட்டு இருப்பேன் சார். நீங்க எங்க இருப்பீங்க?"

 தோமே வாசல்வரை போய்த் திரும்பி நின்றான்.

"சீக்கிரம் சாப்ட்டு வா. அந்தக் கிழவி உன் மேசையிலதான் ஆடுவேன்னு உக்காந்திருக்கா."

"வரேன். முட்டியத் தொடச்சுக்குங்க சார்," என்றாள் நெவென்கா. "கம்பளத்து நூல் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு."