முதுகுக்குப் பின்னால் ஒரு கோல்

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. நீலப்படையின் செயலாளர் றஊப்தான் வீட்டுக்கு வந்து கேட்டார். நீலப்படை என்பது இராணுவமல்ல. கல்முனைப் பக்கத்து நீலக்கரை விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்காகக் கத்துவதற்கென்றே பதிவு செய்யப்பட்ட ஆதரவாளர் சங்கம். தலைவர், பொருளாளர், விதிகள் எழுதிய யாப்பு எல்லாம் உண்டு. அணிக்குத்தான் யாப்பு இல்லை. சங்கத்தின் ஆண்டு நிறைவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம்.

"எங்களப் பத்தி நல்லதா ரெண்டு பக்கம் எழுதித் தாங்க," என்றார் றஊப். "முர்ஷித்தப் பத்தி மட்டும் எழுத வேணாம்."

எழுதுகிறவனிடம் சொல்லக்கூடாத வசனம் அது.

2

முதல் தொடக்கம்: 'ஆர்ப்பரிக்கும் கடலின் மடியில், வீரம் விளைந்த கல்முனை மண்ணிலே, அலைகளுக்கு நிகராக எழுந்த'

(நிறுத்திவிட்டேன். மலர்களில் எல்லாக் கடலும் ஆர்ப்பரிக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: 'முர்ஷித் தன் அணி போட்ட ஒரு கோலைக்கூடப் பார்த்ததில்லை.'

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

முர்ஷித் டியூஷனில் வணிகக்கல்வி படிப்பிக்கிறவர். மைதானத்தின் கடற்பக்கச் சீமெந்துப் படிகள் நீலப்படைக்குச் சொந்தம். அப்படித்தான் அவர்கள் நம்பிக்கை. படிகளுக்கு முன்னால் ஒரு தார் பரலை, வெறும் பீப்பாயை, கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார் முர்ஷித். அவர் கை உயர்ந்தால் றபான்கள் முழங்கும், கொடிகள் எழும். 'யாருட கரை?' என்று அவர் கேட்டால் 'நீலக்கரை' என்று படிகள் திரும்பச் சொல்லும். கை இறங்கினால் அத்தனை பேரும் அடங்குவார்கள். வெல்லும்போது யாரும் கத்துவார்கள். தோற்கும்போது கத்த வைக்கத்தான் ஓர் ஆள் வேண்டும். ஆட்டத்தை அவர் படிகளில் நின்ற முகங்களில் பார்த்தார். மறுநாள் வகுப்பில் குரல் இருக்காது. ஐந்தொகைக் கணக்கைப் பலகையில் எழுதி, விரலால் காட்டி முடிப்பார்.

(ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "நான் திரும்பினா இவங்க வாயப் பொத்திருவாங்க," என்றார்.)

3

இறுதி ஆட்டம் பெரியநீலாவணை அணியுடன். அவர்களுக்கும் ஓர் ஆதரவாளர் கூட்டம், அதற்கும் ஒரு தலைவன்: வினோஜ். முர்ஷித்திடம் வணிகக்கல்வி படித்தவன்.

ஒன்றுக்கு ஒன்று. முடியப் போகிற நேரம், நீலக்கரை அடித்த பந்து மேற்கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழுந்து வெளியே துள்ளியது. கோட்டு நடுவர் கோல் என்று கொடியை உயர்த்தினார். நடுவர் இல்லையென்று கையை விரித்தார். படிகள் இறங்கி மைதானத்துக்குள் ஓடின. எதிர்ப்பக்கமும் ஓடிவந்தது.

(ஒன்று முஸ்லிம் ஊர், மற்றது தமிழ் ஊர் என்று நான் எழுதாமலே நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அங்கே நின்றவர்களும் போட்டார்கள். வீதியில் கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்து விட்டார்கள்.)

ஆட்டம் நின்றது.

4

அன்று படிகளில் கைபேசி இல்லாத கை இல்லை. அது கோலா இல்லையா என்று போட்டியை நடத்தியவர்கள் வைத்த விசாரணைக்கு ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் முர்ஷித்தான் இருந்தார். அந்தக் கரையில் பார்க்கத் தக்க காட்சி அவர்தான். பந்து ஒன்றிலும் இல்லை.

விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஹமீட் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது வினோஜ் எழும்பினான்.

"முர்ஷித் சேர் சொல்லட்டும். அவர் என்ன சொன்னாலும் எங்களுக்குச் சரி. அவர் பொய் சொல்ற ஆள் இல்ல."

மேசைக்குக் கீழே றஊப் முர்ஷித்தின் முழங்காலை அமுக்கினார். கிண்ணம் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். முர்ஷித் ஒரு நாள் தவணை கேட்டார்.

வீட்டில் அவருடைய மனைவி ஸம்றா சோறு போட்டபடி சொன்னாள்:

"காணல்ல எண்டு செல்லுங்களன். முடிஞ்சி."

"காணல்லதான். ஆனா தெரியும்."

"என்னெண்டு?"

"பந்து அடிச்ச நேரம் எங்கட ஆக்கள்ட முகம் எல்லாம் விழுந்திச்சி. தலையில கை வெச்சாங்க. மறுகாதான் கொடியக் கண்டுட்டுக் கத்தின. அது கோல் இல்ல ஸம்றா. அது அவங்க எல்லாருக்கும் தெரியும்."

ஸம்றா குழம்பை ஊற்றிவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

5

இந்த இடத்தில் எனக்கு முர்ஷித்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவரை என்னால் நம்பி எழுத முடியாது. அதனால் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், கோல்தான் என்கிறார், ஊர்வலம், பிரியாணி. இன்னொன்றில், நான் காணவில்லை என்று கையை விரிக்கிறார். யாருக்கும் கோபமில்லை, கதையுமில்லை.

அவரிடமே காட்டினேன். முதல் தாளைத் தொட்டார். "கோல் எண்டு செல்லத்தான் போன நான்," என்றார்.

விசாரணைக்குப் போனவரை எழுப்பி நிற்க வைத்தார்கள். முன்னால் வரிசையாக அவருடைய ஆட்கள். றஊப்பின் முகம் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் மட்டும் அவர் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களை அவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். நினைத்து வந்த சொல் வாயில் வரவில்லை.

"நான் பந்தக் காணல்ல," என்றார். "எங்கட ஆக்களக் கண்டன். அவங்க கோல் இல்லயெண்டு கண்டாங்க."

வினோஜ்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

6

மறு ஆட்டத்தில் நீலக்கரை மோசமாகத் தோற்றது. உண்மை சொன்னவரை நீக்க யாப்பில் இடமில்லாததால் றஊப் புதிதாக ஒரு விதி எழுதினார்: 'தான் காணாததைப் பற்றி உறுப்பினர் எவரும் சாட்சி சொல்லலாகாது.' முர்ஷித்தின் இடத்தில் நிறுத்தப்பட்டவர் ஆட்டம் சூடுபிடித்தால் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். படிகளும் அவரோடு சேர்ந்து வாயடைத்துப் போகும்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முர்ஷித் வந்தார். மதிலோரமாக, முதற்தடவையாக மைதானத்தைப் பார்த்து நின்றார். நீலக்கரை இரண்டு கோல் வாங்கியிருந்தது. படிகளில் ஒரு சத்தமில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு நடந்துபோய்ப் பரலில் ஏறி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கையை உயர்த்திக் கூப்பிட்டார்:

"யாருட கரை?"

யாரும் திரும்பச் சொல்லவில்லை என்கிறார் றஊப். பிரதான வீதி வரை கேட்டது என்கிறான் வினோஜ். முர்ஷித் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் அன்று போகவில்லை.

நீங்கள் அந்தப் படிகளில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பந்து விழுந்த நேரம் தலையில் கை வைத்தவர்களில் நீங்களும் ஒருவர். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்.