அய்யாவுக்கு ஒரு முகம்

சென்னை ஓவியப் பள்ளியில் படித்துப் பட்டயம் வாங்கிக்கொண்டு புதுக்கோட்டையில் வந்து இறங்கியபோது, சமஸ்தானமே எனக்காகக் காத்திருப்பதாக நினைத்தேன். காத்திருந்தது உண்மைதான். பஸ் முதலாளி ஒருவர் தன் வண்டியின் முதுகில் புலி போடக் காத்திருந்தார். போட்டுக் கொடுத்தேன். புலியின் முகத்தில் லட்சுமிகரம் போதாது என்றார். நாடகக் கம்பெனிக்காரர் கைலாசத் திரை எழுதச் சொன்னார். அதே திரை சுடுகாட்டுக் காட்சிக்கும் உதவ வேண்டுமாம். இந்த ரசிகர்களுக்காகத்தான் நான் மனித எலும்பையும் தசையையும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரைந்து பழகியிருந்தேன்.

அப்போதுதான் ரத்தினவேல் ஆள் அனுப்பினார். குன்றாண்டார்கோவில் பக்கம் பெரிய பண்ணை அவருடையது. டவுனில் புதிதாகத் தொடங்கிய ஹைஸ்கூல் ஒன்றுக்குக் கமிட்டித் தலைவரும் அவர்தான். அங்கே டிராயிங் மாஸ்டர் வேலை காலியாக இருந்தது. அது கிடைத்தால் பஸ்ஸுக்குப் புலி போட வேண்டாம், மாலை வேளையில் எனக்குப் பிடித்ததை எழுதலாம். கிடைக்காவிட்டால் ஓவியத்தை மூட்டை கட்டிவிட்டு மாமனாரின் புகையிலைக் கடையில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் அந்தப் பேச்சு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது.

"எங்க அய்யாவுக்கு ஆவணியில தலைத்திவசம் வருது. படம் நல்லா அமைஞ்சா ஒங்களுக்கு வேலைக்கு ஆர்டர் போட்டுர்றேன்" என்றார் ரத்தினவேல்.

"போட்டோ இருக்குங்களா?"

"கெடையாது. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு அய்யா ஒத்துக்கிடவே இல்ல."

"ஆள் எப்படி இருப்பாங்க?"

"கறுப்பு. படத்துல செவப்பாப் போட்டுருங்க. நெத்தி அகலம், மூக்கு எடுப்பு. கையில ஒரு புஸ்தகம் இருக்கட்டும்."

"நிறையப் படிப்பாங்களோ?"

"கைநாட்டு. அதனாலதான் சொல்றேன்."

பெற்ற தகப்பனைப் பற்றி அவருக்குச் சொல்ல இவ்வளவுதான் இருந்தது. தாயாரிடம் கேட்கலாமா என்றேன். "அதுக்கு என்னங்க தெரியும், அது பாட்டுக்கு உள்ள கெடக்கு" என்று கையை வீசிவிட்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

தோப்பில் நெல் கொட்டகையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். படம் முடியும்வரை ஒருவரும் எட்டிப்பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சென்னையில் எங்கள் வாத்தியார்கள் அப்படித்தான் பந்தா பண்ணுவார்கள். ஆளை எதிரில் உட்கார வைக்காமல் உருவம் எழுதக் கூடாது என்பதும் அவர்கள் ஓதிய வேதம். ரத்தினவேலை உட்காரச் சொன்னால் நேரமில்லை என்றார். டவுனிலிருந்து என்னை ஏற்றிவரும் பண்ணை வண்டிக்காரன் ராக்கன், வெளியே மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அகன்ற நெற்றி, எடுப்பான மூக்கு. தேடிய பொருள் காலடியில் கிடந்த சந்தோஷத்தில் கூப்பிட்டேன்.

"நான் ஒக்காரப்படாதுங்க" என்றான்.

"ஏன்?"

"வேணாங்க. வேற ஆளப் பாருங்க."

படத்துக்காக வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய எசமானின் சால்வையைப் போர்த்திக்கொள்ளப் பயப்படுகிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, கலைக்கு முன்னால் எல்லாரும் சமம் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். மீசைக்கு நரை கொடுத்தேன், கன்னத்தைக் கொஞ்சம் ஒட்டவைத்தேன், கேட்டபடி சிவப்பும் ஏற்றினேன். மற்றதெல்லாம் அவன் முகம்தான். அதுவரை நான் எழுதியவற்றில் அது ஒன்றுதான் படம். மீதியெல்லாம் வர்ணம் பூசிய துணி. முடித்த அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

திவசத்துக்கு முந்தின நாள் உறவினர் கூடியிருக்க, படத்தைக் கூடத்தில் நிறுத்தினார்கள். வர்ணம் இன்னும் முழுதாகக் காயவில்லை. மூடியிருந்த துணியை நானே விலக்கிவிட்டுப் பாராட்டுக்காகத் திரும்பினேன். பெரியவர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். ரத்தினவேல் படத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற ராக்கனைப் பார்த்தார்.

"வண்டிக்காரன் மூஞ்சியவா எங்க அய்யாவுக்கு வச்சிருக்கீங்க?" என்று கத்தினார்.

அவர் தாயார் சொர்ணவல்லி உள்ளேயிருந்து வந்தார். படத்துக்கு நேர் எதிரில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"வண்டிக்காரன் மூஞ்சி இல்லடா. இது அவுகளேதான்."

எனக்குப் புல்லரித்தது. வெட்கங்கெட்ட கலைஞன் நான். கூடமே விறைத்து நிற்கும்போது, முகம் அச்சாக அமைந்துவிட்டதே என்று உள்ளுக்குள் குதித்தேன். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. ஊருக்கெல்லாம் தெரிந்தும் யாரும் பேசாத ஒன்றை, நான் சட்டம் போட்டுக் கூடத்தின் நடுவில் வைத்திருந்தேன். ராக்கன் எப்போதோ நழுவிவிட்டான்.

"அழிச்சுருங்க தம்பி" என்றார் அந்த அம்மாள். "ராக்கனப் பெத்தவளும் போயிட்டா, அவுகளும் போயிட்டாக. நாந்தான் இந்த மொகத்த வாசல்லயே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். இனிமே வெளக்கேத்திக் கும்புடவும் செய்யணுமா?"

"என் மொகத்தப் பாத்து எழுதிருங்க, மாஸ்டர்" என்றார் ரத்தினவேல். மாஸ்டர் என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வண்டிக்காரனிடம் அவ்வளவு பிரசங்கம் செய்த வாய்க்கு, ஹைஸ்கூல் கமிட்டித் தலைவரிடம் ஒரு வார்த்தை வரவில்லை. டர்பன்டைனில் துணியை நனைத்து நெற்றியில் வைத்தேன்.

"அங்கிட்டு இல்ல தம்பி" என்றார் சொர்ணவல்லி. "மொதல்ல வாய அழிங்க. அது சொன்ன பொய்யையெல்லாம் நான் நம்பினேன்."

வாயை அழித்தேன். அது முழுதாகப் போகும்வரை அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

விடியும்முன் மகனின் முகத்தை நரைத்த மீசையோடு எழுதி முடித்தேன். துண்டால் வாயைப் பொத்தியிருந்த பெரியவர் காலையில் கிட்டே வந்து பார்த்து, "அய்யாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கீக" என்றார். ரத்தினவேல் பந்தியிலேயே என் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். அவர் தாயார் உயிரோடிருக்கும் மகனின் முகத்துக்கு மாலை போட்டு, சூடம் ஏற்றி, மனசு நிறையக் கும்பிட்டார்.