முப்பத்தோராவது ஆள்

செத்து ஒன்பது வருஷத்தில் திக்லா ஒரு முழம் வளர்ந்திருந்தாள். ஏழு வயதில் அம்மை அவளை வாரிக்கொண்டு போனபோது, கஹாதாம்போ மலையில் எல்லோருக்கும் செய்வதுபோல முழங்காலை மடக்கி, கம்பளி சுற்றி, ஊருக்கு மேலே உள்ள குகையில் பாட்டன் பூட்டன்களோடு உட்கார வைத்தார்கள். இன்கா ராஜாக்கள் போய் நூறு வருஷமாகியிருந்தது. செத்தவர்களை மாதாகோயிலில் புதைக்க வேண்டும் என்று ஸ்பானியர்கள் சொல்லியிருந்தார்கள். ஊர் தலையாட்டிவிட்டுக் குகைக்கே தூக்கிக்கொண்டு போனது. விதைப்புக்கு முன்னால் எல்லோரும் போய்த் தங்கள் ஆட்களுக்குச் சோளக்கள் ஊற்றி, புதுத்துணி உடுத்திவிட்டு வருவார்கள். திக்லாவுக்கு மட்டும் போன வருஷத்துத் துணி பற்றாது. அவள் அம்மா யாக்சா ஒவ்வொரு தடவையும் மூன்று விரல் கூட்டி நெய்தாள்.

“உசுரோட இருக்கிற எம் பொண்ணு வளரக் காணோம், நீ என்னடி தீனி போடுற?” என்று பக்கத்து வீட்டுச் சும்பி கேட்பாள்.

“அவங்கப்பன் வாகு, அக்கா,” என்பாள் யாக்சா, பெருமையை மறைக்காமல்.

அந்த வருஷம் உருளைக்கிழங்கு தோண்டி முடித்த கையோடு ஒரு பாதிரியார் எழுத்தரோடும் சவுக்கோடும் வந்தார். அடி தாளாமல் யாரோ குகையைச் சொல்லிவிட்டார்கள். உள்ளே முப்பத்தொரு பேர் என்பதையும் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை உயிரோடிருப்பவர்கள் மாதாகோயிலில் பேர் கொடுக்க வேண்டும், செத்தவர்களைச் சதுக்கத்தில் எரிக்க வேண்டும் என்று உத்தரவானது. புதைத்தவர்களையாவது தோண்டி எடுத்துவிடலாம். எரிந்தவர்களுக்கு அப்புறம் எங்கேயும் இடமில்லை என்பது ஊருக்குத் தெரியும்.

யாக்சா ஊர்த்தலைவர் பௌகாரிடம் போனாள். “அண்ணே, எம் புள்ளைய மட்டும் விட்டுருங்க.”

“ஒண்ணு குறைஞ்சாலும் ஊரையே உரிச்சிருவாங்கம்மா. நான் என்ன செய்வேன்?”

“குறையாதுண்ணே.”

விடியும்போது அவள் மகளை முதுகில் சுமந்து வந்து, முகம் கழுவி, தலை பின்னி, தன் சால்வையைப் போர்த்தி, மாதாகோயிலில் பெண்கள் வரிசையில் சும்பியின் மேல் சாய்த்து உட்கார வைத்தாள். சும்பி தோளை இறக்கிக் கொடுத்தாள். பிறகு யாக்சா மலையேறி, மகள் இருந்த இடத்தில் மகளின் பழைய கம்பளியைச் சுற்றிக்கொண்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். பௌகார் ஆட்களோடு போய்ச் சேர்ந்தபோது அவள் நூறு வருஷத்துச் சவம்போல வற்றிக் காய்ந்திருந்தாள். மற்றவர்களை ஆட்கள் தூக்கினார்கள். அவளைப் பௌகாரே தூக்கினார். ஒரு கூடைப் பஞ்சின் எடைகூட இல்லை. அழுதால் தெரிந்துவிடுமே என்று வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார்.

மாதாகோயிலில் எழுத்தர் பேர் படித்தார். “யாக்சா” என்றதும் யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை படித்துவிட்டு அவர் தலையை நிமிர்த்தியபோது, ஒன்பது வருஷமாக வாய் திறக்காத திக்லா, “இருக்கேன்” என்றாள்.

சதுக்கத்தில் எண்ணினார்கள். முப்பத்தொன்று சரியாக இருந்தது. புகை உள்ளே வந்ததும் திக்லா கேட்டாள்: “பெரியம்மா, எங்கம்மா எங்க?” சும்பி சால்வையை இழுத்து அவள் மூக்கையும் கண்ணையும் சேர்த்து மூடினாள்.

சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். திக்லா அதற்குமேல் வளரவில்லை. அரசுக்கு வரியாகக் கொடுக்கும் துணியை அம்மா பேரிலேயே நெய்தாள், லாமா மேய்க்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளை பெற்றாள், பல்லெல்லாம் கொட்டும்வரை இருந்தாள். யாராவது “யாக்சா” என்று கூப்பிட்டால் முதலில் மலைப்பாதையைப் பார்ப்பாள். அங்கே யாரும் வரவில்லை என்று ஆன பிறகுதான் “என்ன?” என்பாள். கூப்பிட்டவர்கள் அதுவரை நின்று காத்திருப்பார்கள்.