நாற்காலியிடம் சொன்னது

“மாமா, இப்ப உங்க முகத்தத் துடைக்கப் போறேன். தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் மருமகள் ஈரத்துணியை அவர் நெற்றியில் வைத்தாள். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். மாமனார் நேற்றுக் காலையே இறந்துவிட்டார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் என்ன, பனிக்கட்டியாக இருந்தால் என்ன, குறை சொல்கிற நிலையில் அவர் இல்லை.

எல்லாம் பழக்கதோஷம். நாளை மறுநாள் அவளுக்கு நர்சிங் அசிஸ்டென்ட் பரீட்சை. எழுத்துப் பரீட்சையை எப்போதோ ஊதித் தள்ளியாயிற்று. செய்முறையில்தான் போன தடவை கோட்டைவிட்டாள். படுத்திருந்த நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசாமல் கையைத் தூக்கிச் சட்டையை மாட்டிவிட்டாள். “மெத்தைக்கா உறை போடுறீங்க?” என்று கேட்டுவிட்டுத் தேர்வாளரம்மா பெயில் போட்டாள். எதைத் தொடுவதற்கு முன்னும் கை கழுவ வேண்டும். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். நோயாளி ஏதாவது உபாதை சொன்னால் தானாக ஒன்றும் முடிவு கட்டாமல், அவர் சொன்ன வார்த்தையிலேயே நர்ஸிடம் போய்ச் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் பழக அவளுக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டார். படுத்துக்கொள்ளச் சம்மதித்தவர் மாமனார் ஒருவர்தான்.

அவர் ஆயுசெல்லாம் லிஃப்ட் ஓட்டியவர். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். ஒரு தடவை அவருடைய லிஃப்ட் மொட்டை மாடியிலும் நிற்காமல் மேலே போய்விட்டதாம். கதவைத் திறந்தால் ஒரே மேகம். உள்ளே இருந்த மானேஜர் கோப்போடு அங்கேயே இறங்கிக்கொண்டாராம். அப்புறம் அந்த மனிதர் என்ன ஆனார் என்று கேட்டால், முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல், “சம்பளத்த மட்டும் மாசாமாசம் மேல அனுப்பிட்டிருந்தோம்” என்பார்.

அப்படிப்பட்டவருக்குச் சும்மா நோயாளியாகப் படுத்திருப்பது ஒத்துவருமா? தினம் ஒரு ஆளாக வந்தார். ஒரு நாள், சிங்கம் காலைச் சாப்பிட்டுவிட்ட சர்க்கஸ்காரர். நாடி பார்க்கப் பழகிய அன்று, கடிகாரத்தை விழுங்கிய பாங்க் காசாளர். “இன்னைக்கு நீங்க யாரு மாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவள் பாடத்தையே தொடங்குவாள். மூலையில் கிடந்த மர நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டைப் போர்த்தி, இதுதான் பெரிய நர்ஸம்மா, எதுவானாலும் இவளிடம் சொல் என்று ஏற்பாடு செய்தவரும் அவர்தான். அந்த நர்ஸம்மா சிரிக்கவே மாட்டாள் என்றும், இளவயசில் ஒரு பெஞ்சு அவளை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது என்றும் எச்சரித்து வைத்தார்.

நேற்றும் கேட்டாள், இன்று நீங்கள் யார் என்று.

“இன்னைக்கு யாரும் இல்லம்மா. நான்தான்” என்றார்.

இது புது வேஷம்போல என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கே என்ன செய்கிறது என்று பரீட்சைக் குரலில் விசாரித்தாள்.

“நெஞ்சுல, ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுட்ட மாதிரி இருக்கு.”

அவர் தன் சொந்தத் தொழிலை நோய்க்குள் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. தலையணையை உயர்த்தப் போவதாகச் சொல்லி உயர்த்தினாள். நாற்காலிக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றாள். பேஷண்ட்டுக்கு நெஞ்சில் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறதாம் சிஸ்டர் என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தாள். நாற்காலி கேட்டுக்கொண்டது. திரும்பினால், மாமனார் கண்ணை மூடியபடியே “பாஸ்” என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாஸ். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு டீ போடப் போனாள். டம்ளரோடு வந்தபோது அவர் எந்த வேஷத்திலும் இல்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, முன்னால் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அவள் நாற்காலியைப் பார்த்தாள். பேக்கரியிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்திருந்த கணவன்தான், அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று அவளுக்குப் பதிலாகச் சொன்னான். சொல்லியிருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றபடி டாக்டர் பையை மூடினார். அந்தப் பை மூடிய சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அவள் முகம் துடைத்து, தலை வாரி, சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை கணவனின் அக்கா கால்மாட்டிலேயே நின்றிருந்தாள். வெளியூரிலிருந்து விடிய வந்து இறங்கியவள்.

“வீட்டுக்குள்ளயே ஒரு நர்ஸ வெச்சுக்கிட்டு எங்கப்பா இப்படிப் போயிட்டாரே.”

“நர்ஸ் இல்ல அண்ணி, அசிஸ்டென்ட்டு. அதுவும் இன்னும் ஆகல.”

“ஆகாமயே இப்படி” என்றாள் அக்கா.

உட்கார இடம் தேடிய பக்கத்து வீட்டுத் தையல்காரர், நேராகப் போய்ப் பெரிய நர்ஸம்மாவின் மடியில் உட்கார்ந்தார். லிஃப்டை, மேலே போகிறது, மேலே போகிறது என்று கூவிவிட்டுக் கிளப்புகிற மனிதர், இந்தத் தடவை சொல்லாமலே போய்விட்டாரே என்று சொல்லி, முதுகுக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் துண்டை உருவி மூக்கைத் துடைத்துக்கொண்டார். சொல்லிவிட்டுத்தான் போனார் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று மருமகள். இன்னொன்று தையல்காரரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, அக்காவும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் வெயில் மட்டும் மிச்சமிருந்தது. கணவன் வந்து, வேறெங்கும் உட்காராமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான். நகக்கண்ணில் நேற்றைய மாவு காய்ந்திருந்தது.

“பரீட்சைக்குப் போறியா?” என்றான், நகத்தைப் பார்த்துக்கொண்டே.

அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

“நேத்துக் காலைல பேஷண்ட்டு…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். “மாமா, நெஞ்சுல ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுட்ட மாதிரி இருக்குன்னாரு. வேஷம்னு நெனச்சேன். இந்த நாற்காலிகிட்ட சொன்னேங்க.”

இத்தனை நாளும் அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தவன் அவன். அதனால் அதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை. கைப்பிடியை ஒரு தடவை தடவினான். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போய், சத்தம் ஓய்ந்தது.

“அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?”

“பாஸுன்னாரு.”

அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று கிளம்பி, பாதியில் நின்றது. எழுந்தான். கீழே கசங்கிக் கிடந்த துண்டை எடுத்து உதறி, இரண்டு ஓரமும் சமமாகத் தொங்கும்படி நாற்காலியின் முதுகில் போட்டான். பிறகு அப்பாவின் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஒரு கை மட்டும் பின்னால், கட்டிலுக்கு வெளியே, அவள் பக்கமாகக் கிடந்தது. அசதியில் விழுந்த கையா, நீட்டிய கையா என்று தெரியவில்லை. இன்று தான் யார் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

உள்ளே போய்க் குழாயைத் திறந்து, கை கழுவத் தொடங்கினாள்.