ராணியின் குற்றப்பத்திரிகை

இருபத்து மூன்று விண்ணப்பங்கள் போயின. இருபத்து மூன்றும் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் அதே மூன்று வரிதான். பசு ஒரு வீட்டு மிருகம். அது நமக்குப் பால் தரும். அது மிகவும் சாதுவானது. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே ஆங்கிலக் கட்டுரையைப் பாடமாக்கியவர்கள்.

போர்நிறுத்தம் செய்து சமாதானம் வந்து ஒரு வருசமாகியிருந்தது. உயிலங்குளத்துக்கு அருகே ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவில் கிடந்த சூனியப் பகுதியில், கண்ணிவெடி எடுத்து முடித்த நிலத்துண்டில், புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. மாடுகள் விடுமா? மேய்ந்து மேய்ந்து ஆமி முகாமின் முள்ளுக்கம்பிவரை போய்விட்டன. ஆமி பிடித்துப் பட்டியில் அடைத்தது. மீட்க வேண்டுமென்றால் உரியவர் மாட்டின் நிறம், குறி, குணம் மூன்றையும் எழுதித் தர வேண்டும். ஆமிக்குச் சிங்களம், இயக்கத்துக்குத் தமிழ், போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்து இடையில் நின்ற வெள்ளைக்காரருக்கு இரண்டும் தெரியாது. ஆகவே ஆங்கிலம்.

செல்லாயியின் ராணியும் அந்தப் பட்டியில்தான் நின்றது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு செவலைப் பசு. நிறைமாதச் சினை. முகாமில் கன்று போட்டால் நரிக்குத்தான்.

இந்தப் பக்கத்து மாடுகளின் பின்தொடையில் குறி சுட்டிருக்கும். செல்லாயி எழுபத்தேழுக் கலவரத்தோடு மாத்தளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். தோட்டத்தில் மாடு கொட்டிலை விட்டு வெளியே போகாது, யார் மாடு என்ற கேள்வியே எழாது. இங்கே வந்து இருபத்தைந்து வருசமாகியும் மாட்டுக்குச் சூடு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இப்போது அது வினையாகிவிட்டது. அறுபது மாடு வைத்திருக்கும் பரமநாதன் அதே செவலைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பொய்யர் இல்லை. குறி சுடாமல் விட்ட தன் செவலைகளில் ஒன்று என்றே நம்பினார்.

திரும்பி வந்த தாளை எடுத்துக்கொண்டு செல்லாயி ஆங்கிலம் படிப்பிக்கும் செல்வநாயகத்தின் வீட்டுக்குப் போனாள். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். வளவளவென்று பேச மாட்டார்.

"என்ன குணம் அக்கா?"

"தங்கமான குணங்க மாஸ்டர்."

"உதைத்தான் எல்லாரும் எழுதினவை. குறையைச் சொல்லுங்கோ."

செல்லாயி வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "அது இங்க இல்லாததால சொல்றேன். பின்னால நின்னு விரட்டினா அப்படியே படுத்துக்கும். ஆள் முன்னால நடந்தாத்தான் வரும்."

"ஸ்டப்பர்ன்" என்று எழுதினார் மாஸ்டர்.

"ஒத்த வார்த்தைதானா? இதையே எம் புருசன் அரை மணி நேரம் ஏசுவாரு."

"அடுத்தது?"

"கொடியில காயிற துணியத் திங்கும். முழுசா இல்லீங்க. சட்டைக் கையை மட்டும்."

"பில்ஃபர்."

"களவுன்னு எழுதிட்டீங்களா?"

"சின்னக் களவு."

"அப்பச் சரி. வேற மாட்டைத் தடவினா மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்கும். தண்ணி வச்சாலும் குடிக்காது."

"சல்க்."

"வெள்ளக்காரன் மாடும் கோவிச்சுக்குமா மாஸ்டர்?"

"சொல் இருக்கே. கோவிக்காமல் சொல் வராது."

அதன்பிறகு செல்லாயியை நிறுத்த முடியவில்லை. தகரம் தட்டினால் நாலு காலும் தரையில் நிற்காது, அதற்கு ஸ்கிட்டிஷ். சும்மா நின்றால் முதுகில் மூக்கால் இடித்துத் தடவச் சொல்லும், அதற்கு நட்ஜ்.

மாஸ்டர் பேனையை நிறுத்தினார். "இது குறையே?"

"வேலை நேரத்துல குறைதாங்க."

எழுதினார்.

மறுநாள் முகாம் வாசலில் மேசை போட்டு ஓர் அதிகாரி இருந்தார். பக்கத்தில் தாடிக்கார வெள்ளைக்காரர். மொழிபெயர்க்கக் காமில் என்ற பொடியன் நின்றான். பட்டி பத்தடி தூரத்தில். ராணி கம்பிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

அதிகாரி, அங்கே வந்திருந்த பரமநாதன் மறுபடி கொடுத்த தாளைப் படித்தார். வீட்டு மிருகம், பால் தரும், சாது. கீழே வைத்தார். செல்லாயியின் தாளை எடுத்தார். பாதியில் நிமிர்ந்து ஒரு சிப்பாயைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். சிப்பாய் உள்ளே ஓடி ஒரு சட்டையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினான். இடது கை இல்லை. எலி என்று நினைத்திருந்தார்களாம்.

வெள்ளைக்காரர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. காமில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னான்: "எழுதினது மாஸ்டர். மாடு உங்கட எண்டால் இதெல்லாத்தையும் நீங்களே இப்ப வாயால சொல்லோணுமாம் அக்கா."

செல்லாயி வாயைத் திறந்தாள். ராணியைப் பார்த்தாள். அது காதை முன்னால் விறைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. சினை மாட்டின் காதுபடக் குறை சொன்னால் கன்று அந்தக் குறையோடு விழும். அவளுடைய வீட்டில் அப்படித்தான் நம்பினார்கள்; ஏசுகிற புருசன்கூடச் சினைக் காலத்தில் அதை மீறியதில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"தங்கமான மாடுங்க" என்றாள் கடைசியில்.

அதிகாரி தாளைத் தட்டினார். தாளில் ஒன்று, வாயில் ஒன்று.

"பாருங்கோ ஐயா" என்றார் பரமநாதன். "அவவுக்கே தெரியேல்லை. உது என்ர மாடு."

அதிகாரி பேனையை எடுத்துப் பரமநாதனின் தாளில் வைத்தார்.  செல்லாயி காமிலின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, அந்தப் பாலை மரத்தடிக்குப் போயிருவோம்னு சொல்லுங்க. அங்க வச்சுச் சொல்றேன். இங்க அது கேட்டுக்கிட்டு நிக்குது."

"ஆர் கேக்கிறது?"

"அதுதான்!"

காமில் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். அதிகாரி பட்டியைப் பார்த்தார். வெள்ளைக்காரர் கதிரையை விட்டு எழுந்து மரத்தை நோக்கி நடந்தார். வேறு வழியில்லை, அதிகாரியும் நடந்தார்.

மரத்தடியில், குரலைத் தாழ்த்தி, விரல் மடக்கி, செல்லாயி ஒன்றுவிடாமல் சொன்னாள். தாளில் இல்லாத இன்னும் இரண்டு குறையையும் சேர்த்துச் சொன்னாள். அதிகாரி தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரி, இரண்டு பேரும் மாட்டை வெளியே கொண்டு வாருங்கள்" என்றார்.

முதலில் பரமநாதன். கம்பை எடுத்துக்கொண்டு ராணியின் பின்னால் போய், "ஹை! ஹை!" என்றார். ராணி முன்னங்காலை மடித்தது. பின்னங்காலை மடித்தது. ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

"எழும்பு! எழும்படி!"

ராணி அசை போடத் தொடங்கியது. சிப்பாய்கள் கைதட்டினார்கள்.

செல்லாயி மாட்டைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. நின்றாள். முதுகில் ஈர மூக்கு இடித்தது.

அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

"என்ர இல்லை ஐயா, சத்தியமா இல்லை" என்றார் பரமநாதன், கம்பைக் கீழே போட்டபடி. "என்ர மாடெண்டால் இவ்வளவு கொழுப்பு இராது."

ராணி வீடு வந்து நாலாம் நாள் கன்று போட்டது. கிடாரி. சீம்பாலைக் காய்ச்சிச் செம்பில் எடுத்துக்கொண்டு செல்லாயி மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். வாசல் படலையடியில் ஊரே நின்றது.

"எங்கட சுட்டி குத்தும் மாஸ்டர்! பாதிரியாரையே குத்தினது!"

"உது என்ன பெரிய குத்து? எங்கட வெள்ளைச்சி கிணத்துக் கயிறைத் திண்டது. அதுக்கு என்ன சொல்?"

இதுவரை சாதுவாக இருந்த மாடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவரவர் மாட்டின் அட்டகாசத்தை அவரவர் பெருமையாக ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேசைக்கு முன்னால் பரமநாதன் இருந்தார். அவருடைய குறி சுடாத மாடு மூன்று இன்னும் முகாமின் பட்டியில் நின்றன. மாஸ்டர் கையில் பேனையோடு காத்திருந்தார். தாள் வெறுமையாக இருந்தது.

"என்னண்டு சொல்லுறது?" என்றார் பரமநாதன். குரலில் உண்மையான கவலை. "அறுபது நிக்குது தம்பி. காலையில் திறந்து விடுறன், பின்னேரம் அடைக்கிறன். ஒண்டின்ர குணமும் எனக்குத் தெரியாதே."



செல்லாயி செம்பை மேசையில் வைத்தாள்.

"எந்த மூணுங்க? நெத்தியில வெள்ளைப் பொட்டு வச்சதா?"

"ஓம். அதும் ஒண்டு."

"அது மூஞ்சியாலயே படலைக் கொளுவியத் தட்டிவிட்டு உள்ள வரும். கத்தரிச் செடியில பிஞ்சை விட்டுட்டுப் பூவை மட்டும் திங்கும். கொம்பு வளைஞ்சது வேலிக்கு வெளிய நின்னு காவல் பாக்கும். நான் விளக்குமாத்தோட வந்தா அது ஒரு கத்து கத்தும், மத்ததெல்லாம் ஓடிப்போகும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரையில் அமர்ந்தாள். "ஏழு வருசமா என் கத்தரித் தோட்டத்துலதானே மேயுதுங்க. எழுதுங்க மாஸ்டர், நான் சொல்றேன்."