மூணாங்கிளாஸ் டீச்சர்

அந்தப் பெண்ணுக்கு வயது பதினொன்று. படிப்பது மூன்றாம் வகுப்பு. அதுவும் மூன்றாவது முறையாக. உடனே மக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பாடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பாள். வகுப்பிலிருந்த பொடிசுகள் முதலில் அக்கா என்றார்கள். பிறகு டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவள் அம்மா வேலை செய்யும் கட்டிடம் வரைக்கும் வந்து, மேஸ்திரியும் அப்படியே கூப்பிட்டார்.

கோளாறு அவள் படிப்பில் இல்லை, கட்டிடத்தில் இருந்தது. அம்மா சித்தாள். புருஷன்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன பிறகு, எந்த வீட்டுக்கு மண் சுமக்கிறாளோ அந்த வீட்டிலேயே, சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தாயும் மகளும் முடங்கிக்கொள்வார்கள். வீடு முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். முதல் ஊரில் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் வீடு முடிந்துவிட்டது. அடுத்த ஊரில் பதினைந்து நாள் முன்னால். பரீட்சை எழுதாத பிள்ளையை நாலாம் வகுப்பில் எவர் சேர்ப்பார்? போன இடமெல்லாம் மறுபடி மூணு.

இந்தத் தடவை விடுவதில்லை என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மற்றவர்கள் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். இவள் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். மழை பெய்து பூச்சு வேலை நின்றால் கொண்டாட்டம். மணல் லாரி வராவிட்டால் இன்னும் கொண்டாட்டம். அன்றைக்கெல்லாம் கூலி கிடையாது, அரை வயிறுதான். இருந்தாலும் முகத்தில் சிரிப்பு!

பரீட்சை புதன்கிழமை தொடங்கி மூன்று நாள். அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாடித் தரைக்கு டைல்ஸ் வந்து இறங்கியது. வீட்டுக்காரரிடம் மேஸ்திரி போனில் சொன்னதை அவள் காதால் கேட்டாள்.

"திங்கக்கிழமை ஒட்டி முடிச்சிடுவோம் சார். கவலையே படாதீங்க."

ஒட்டி முடிந்தால் மறுநாளே கிளம்ப வேண்டியதுதான். திங்களுக்கும் புதனுக்கும் நடுவே ஒரே ஒரு நாள். டைல்ஸ் ஒட்டுபவரிடம் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"இது ஒடஞ்சா கடையில வேற கெடைக்குமாண்ணே?"

"இந்த டிசைனா? கம்பெனியிலேருந்து வரணும். பத்து நாளாவது ஆகும்."

பத்து நாள்! அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. கைப்பிடி வைக்காத மாடிப்படியின் விளிம்பில் ஆறு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். இடுப்பால் ஒரு இடி. கீழே போய் விழுந்த சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது.

"ஐயையோ, வழுக்கிடுச்சே!" என்று முதலில் கத்தியதும் அவள்தான்.

மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். சாயங்காலம் மகளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"படிடி. இந்தத் தடவை நாலுதான்."

"படிக்க என்னம்மா இருக்கு?" என்று சிரித்தபடி மகள் பென்சிலைச் சீவினாள்.

மறுநாள் காலை மேஸ்திரி வந்து நின்றார்.

"மூட்டையக் கட்டும்மா. இருக்கற டைல்ஸை மட்டும் ஒட்டினா அப்புறம் வர்றது கலர் சேராதுன்னு வீட்டுக்காரர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பறாரு. பத்து நாள் ஆளுங்களைச் சும்மா உக்கார வைக்க முடியுமா? வேற ஊர்ல ஒரு வேலை இருக்கு. மத்தியானம் வண்டி."

"அண்ணே, பரீட்சைண்ணே... நாங்க ரெண்டு பேரு மட்டும் இங்கயே ஒரு மூலையில இருந்துக்கறோமே."

"நான் கேக்காமலா இருப்பேன்? டைல்ஸ் போன கோவத்துல, இனிமே ஒருத்தரும் உள்ள தங்கக் கூடாது, பூட்டறேன்னு நிக்கறாரு." மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "போறாத நேரம் பாரு. ஒட்டறவங்களைத் திங்கக்கிழமை அனுப்பிட்டு, தரை கழுவித் துடைக்க உன்னை ஒரு வாரம் நிறுத்தி வைக்கறதா அவர்கிட்ட பேசி வச்சிருந்தேன். நம்ம டீச்சர் பரீட்சை எழுதிடட்டும்னுதான்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பாவி மனுஷன், இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவள்தான் ஆகட்டும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்டால் கிடைக்கும் என்பது அவளுக்கு எந்தக் காலத்தில் நடந்திருக்கிறது, கேட்பதற்கு?

புது ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே பரீட்சை முந்தின வாரமே முடிந்திருந்தது. பெரிய டீச்சர் தங்கமானவர். பிள்ளை ஒப்பித்ததைக் கேட்டு அசந்துபோனார்.

"இவ்வளவு கெட்டிக்காரியா இருக்காளே! பரீட்சை எழுதினதுக்குச் சீட்டு இருக்கா?"

"இல்லீங்க."

"லீவு முடிஞ்சு கூட்டிட்டு வாங்க. மூணுல சேத்துக்கறேன்."

மறுநாள் காலை மகள் அம்மாவின் பழைய துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மறுபடியும் அந்தப் பொடிசுங்களோட என்னால உக்கார முடியாதும்மா. வெக்கமா இருக்கு."

அம்மா திட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. மேஸ்திரிகூட முதல் நாள் வேண்டாம் என்றுதான் சொன்னார். மூன்றாம் நாள் சாரத்தின் மேலிருந்து அவரே குரல் கொடுத்தார்.

"டீச்சர், அந்தச் சட்டிய இப்படித் தள்ளு!"

நடைக்கு ஏழு செங்கல். எட்டு நடை முடிந்ததும் ஐம்பத்தாறு என்று அவள் சட்டென்று சொன்னாள். அத்தனை பேரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

மத்தியானம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கு அந்த டைல்ஸ் மட்டும் வழுக்காம இருந்திருந்தா நான் பரீட்சை எழுதியிருப்பேன்ல?"

"ஆமாண்டி."

அம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். மகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"விடும்மா. நீ என்ன, வேணும்னேவா போட்ட?"